எந்தக் கிணறு, தம்பி?

ஒரு மீனவ ஊரின் வரலாற்றை எழுதக் கிளம்பியவன், எடுத்த எடுப்பிலேயே வேறோர் ஊரின் வரலாற்றைக் குறிப்பெடுத்து வைத்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அதை என்னைப் பற்றித் தாராளமாக நினைக்கலாம். ‘கோவளம்’ என்று தேடினேன். கலங்கரை விளக்கம் வந்தது. எழுபதுகளின் ஹிப்பிகள் வந்தார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பம் கடலோரத்தில் கட்டிய மாளிகை வந்தது. நம் ஊருக்குப் பக்கத்தில் இத்தனை இருந்தும் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று புல்லரித்துப்போய் எழுதிக்கொண்டே போனேன். திருவனந்தபுரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி கண்ணில் பட்ட பிறகுதான் புல்லெல்லாம் படுத்தது.

கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒரு கோவளம் உண்டு. அதிலும் போய் விழாமல் தப்பித்ததை என் ஆராய்ச்சியின் முதல் வெற்றியாகச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டாவது வெற்றி கிடையாது.

நான் எழுத வேண்டியிருந்தது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தைப் பற்றி. சிறுசேரியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் உப்பளம், உப்பங்கழி, பருவத்துக்குப் பறவைகள், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதைத் தாண்டினால் கோவளம். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சிப்காட்டில் கணினியைக் கட்டிக்கொண்டு அழும் எங்களுக்குக் கடல் என்பது சனிக்கிழமை சமாச்சாரம். பார்க்கிங் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

எங்கள் அடுக்ககத்துச் சங்கம் பொங்கல் மலர் போட முடிவு செய்தது. கோலம், சமையல் குறிப்பு, குழந்தைகள் வரையும் மாடு எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்த பிறகு ‘நம்ம ஏரியா வரலாறு’ என்ற தலைப்பு மட்டும் அநாதையாகக் கிடந்தது. கையைத் தூக்கினேன். நான் மானாமதுரைப் பக்கத்துக்காரன். வைகையில் மணலைப் பார்த்தே வளர்ந்தவன். கடலோரம் குடிவந்து பல வருஷமாகியும் வஞ்சிரத்தைத் தவிர வேறு மீனுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. இந்தத் தகுதிகளோடு கையைத் தூக்கியதற்கு ஒரே காரணம், கோவளத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது என்ற ஒரு தகவல் என் கையில் இருந்தது. தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி 1974இல் திறக்கப்பட்டது அந்தப் பழைய கோட்டை மேட்டின் மேல்தான். இதை வைத்துக்கொண்டு அலுவலகத்துப் பிள்ளைகளிடம் எத்தனையோ மதிய உணவுகளை ஓட்டியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து யாராவது மேலதிகாரி வந்தால் ‘டச்சு ஃபோர்ட்’ பற்றிச் சொல்லும் பொறுப்பு என்னுடையதுதான்.

எங்கள் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மின்தூக்கியில் அவரிடமும் அவிழ்த்துவிட்டேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “டச்சுக் கோட்டைன்னா சதுரங்கப்பட்டினத்துல இருக்கு. கோவளத்துல எந்த டச்சுக்காரன் கட்டினான், எந்த வருஷம்?” என்றார். மூன்றாம் மாடி வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மின்தூக்கியின் வேகத்துக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாராவுக்கும் போனேன். க்ரோல் என்ற ஆங்கில அதிகாரி 1879இல் தொகுத்த செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டையும், ராபர்ட் ஓர்ம் எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டுப் போர் வரலாற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, என் டச்சுக்காரர்கள் அத்தனை பேரும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

வந்தவர்கள் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு துறைமுகம் ஆஸ்டெண்ட். அன்றைக்கு அது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் பட்டயம் கொடுத்து ஒரு வணிகக் கம்பெனியை உருவாக்கினார். வங்காளத்தில் பாங்கிபஜார், சோழமண்டலக் கரையில் கோவளம். இங்கே பண்டசாலை போட்டுத் துணி வாங்கினார்கள். நன்றாகவே சம்பாதித்தார்கள், அதுதான் வினை. இங்கிலாந்தும் ஹாலந்தும் நெருக்க, பேரரசர் 1727இல் பட்டயத்தை நிறுத்தி வைத்தார்; 1731இல் கம்பெனியையே கலைத்துவிட்டார். தன் மகளுக்குப் பட்டம் கிடைக்க மற்ற நாடுகளின் சம்மதம் அவருக்குத் தேவைப்பட்டது. வியன்னாவில் ஓர் அப்பா மகளுக்காகப் பேசி முடித்த பேரத்தில் கோவளத்துப் பண்டசாலை அடிபட்டுப்போனது. பெல்ஜியத்தையும் ஆஸ்திரியாவையும் விழுங்கிவிட்டு டச்சுக்காரன் என்று நாமகரணம் சூட்டியதில் எனக்கும் பங்குண்டு. நான் சொல்லிக்கொடுத்த அலுவலகத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். திருத்தம் அனுப்ப முகவரி இல்லை.

கோட்டை அதற்குப் பின்னால் வந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் 1740களில் கட்டினார். சாதத் பந்தர் என்று பெயர். அவர் 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் மாண்டார். மறு வருஷம் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. போன விதம்தான் விசேஷம்.

ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. கரையிலிருந்து ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். கப்பலில் ஸ்கர்வி நோய், பாதிப்பேர் செத்தாயிற்று, மிச்சப் பேரைக் கரையில் இறக்காவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள் என்று கப்பல்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கோட்டைத் தலைவர் சம்மதித்தார். சோகை பிடித்த முகமாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த முப்பது பேர், ஒருவன் நொண்டிக்கொண்டும் ஒருவன் இருமிக்கொண்டும் உள்ளே வந்தார்கள். உடுப்புக்குள் கைத்துப்பாக்கி. அன்றிரவே எழுந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். கோட்டைத் தலைவர் ஏன் சம்மதித்தார் என்பதற்கு ஓர்ம் சொல்லும் காரணம் காசு: நல்ல வெகுமதி கிடைக்கும் என்று ஆசைப்பட்டாராம்.

1752 செப்டம்பரில் கிளைவ் வந்தார். ஆர்க்காட்டு முற்றுகைப் புகழோடு வந்தவருக்குக் கிடைத்த படையைப் பற்றி மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையில் வயிறு குலுங்கச் சிரிக்க விஷயம் இருக்கிறது. புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்கள். லண்டன் சாராயக்கடைப் பக்கங்களில் ஆள்பிடிப்பவர்கள் வாரிக்கொண்டு வந்த இருநூறு வெள்ளைக்காரர்கள். கோட்டையிலிருந்து ஒரு குண்டு வந்து ஒருவன் விழுந்தான். மிச்சப் பேர் அப்படியே திரும்பி ஓட்டம் பிடித்தார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர கிளைவ் படாத பாடுபட்டார். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தத்தில் காவலுக்கு நின்றவர்கள் சிதறினார்கள். அவர்களில் ஒருவனைக் காணவில்லை. சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்கள்.

அந்த ஆளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வேலை முடிக்கக் கெடு வைத்திருக்கும் நாட்களில் நானும் அப்படி ஒரு கிணற்றைத் தேடியிருக்கிறேன். படை எப்படியோ தேறிக் கோட்டையைப் பிடித்தது. உதவிக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்த பிரெஞ்சுத் தரப்புப் படையை கிளைவ் வழிமறித்து முந்நூறு பேரைச் சிறைபிடித்தார். கோவளம் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த வருஷம் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறினார்.

இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டுதான் கோவளம் குப்பத்துக்குப் போனேன். வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகிறேன் என்று சங்கச் செயலாளர் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். “அப்படியே நல்ல கடம்பா கிடைச்சா ஒரு கிலோ” என்றார் அவர். என் பயணத்துக்கு ஒருவர் முன்வைத்த ஒரே தெளிவான நோக்கம் அதுதான்.

காலை நேரம். ஃபைபர் போட்டுகள் கரையேறியிருந்தன. ஏலம் நடந்துகொண்டிருந்தது. கையில் குறிப்பேட்டோடு ஏலக் கூட்டத்தின் நடுவில் புகுந்து, கூவிக்கொண்டிருந்த அம்மாவிடம், “அம்மா, இந்த ஊர்ல பழைய கதை ஏதாவது…” என்று ஆரம்பித்தேன். அந்தம்மா விலையை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தில் யாரோ, “சார் எவ்ளோக்கு கேக்குறாரு?” என்றார். எவ்வளவு பணம் இருக்கிறது என்று சட்டைப்பையைத் தொட்டேன். அதையும் ஒரு சைகையாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். பின்வாங்கினேன். கிளைவின் ஆட்களைவிட வேகமாக.

வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைக் கோர்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் கால் பெருவிரலும் வலையை இழுத்துப் பிடிக்க, ஊசி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. கண் வலையில் இல்லை, கடலில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவைப் போட்டுவிட்டு, ஐயா, பழைய கதைகள் சொல்லுங்கள் என்றேன். “கதைன்னா?” என்றார். உதாரணம் காட்டினால் அவருக்கு எடுத்துக்கொடுத்த மாதிரி இருக்குமே என்று பிரெஞ்சுக் கப்பல் கதையையும் கிளைவ் கதையையும் நானே சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ஆம்பூரிலிருந்து ஆரம்பித்தேன்.

கிணற்றில் விழுந்த காவலாளியைச் சொன்னபோது அவர் ஊசியை நிறுத்தினார். கதை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

“எந்தக் கிணறு, தம்பி?”

“புத்தகத்துல எந்தக் கிணறுன்னு இல்லீங்கய்யா.”

“நல்ல தண்ணி கெணறா? கோட்டைக்கு வடக்கா, தெற்கா?”

அவருக்குத் தெரிந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வந்தன. எது தூர்ந்துபோனது, எதில் உப்பு ஏறியது, எதை மூடி வீடு கட்டினார்கள், எதில் சின்ன வயசில் அவர் குதித்துக் குளித்தார். கடற்கரை ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறுதான் குடியிருப்பைத் தீர்மானிக்கும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் சொன்னதை வரைபடமாகப் போட்டிருந்தால் ஊர் எப்படி இடம் மாறி மாறி வளர்ந்தது என்பதே வந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைப்பைவிட்டு விலகுகிறாரே என்று பொறுமையிழந்து, “அது இருக்கட்டும், அந்தப் பிரெஞ்சுக்காரங்க…” என்று இழுத்தேன்.

அவர் மறுபடி ஊசியை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கப்பல்ல சீக்குன்னு கத்துனா எறக்கித்தான் உடுவாங்க. கடல்ல மாட்டுனவன் யாரு எவருன்னு கேட்டுக்கினா தூக்குறோம்?” என்றார்.

ஓர்ம் காசு என்று எழுதியிருக்கிறாரே என்று சொன்னேன். “அவரு கடலுக்குப் போவாரா?” என்று கேட்டார். ஓர்ம் பிறந்தது அஞ்சுதெங்கில், அதுவும் கடற்கரைதான் என்று பதில் சொன்னேன். அந்தக் கேள்விக்கு அதைவிட மொக்கையான பதிலை யாராலும் சொல்ல முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது மாமல்லபுரத்தில் பாறை வரிசைகளைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, இங்கே என்ன தெரிந்தது என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடலில் மூழ்கிய ஏழு கோயில்கள் என்று மாலுமிகள் மத்தியில் உலவிய கதையை வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் அச்சிலேற்றினார். ராபர்ட் சௌதி என்ற ஆங்கிலக் கவிஞர் அதை எடுத்து 1810இல் காவியத்துக்குள் நுழைத்தார். சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் மணல் அரித்துப் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட, அவற்றைப் பின்தொடர்ந்த தொல்லியல் துறையினர் ஒரு முருகன் கோயிலையே தோண்டியெடுத்தார்கள். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம், அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். கல்லில் செய்த வேல்கூட இருக்கிறது. கோவளத்துக்கும் அப்படி ஒன்று மாட்டாதா என்ற நப்பாசை எனக்கு.

“எதையும் பாக்கல. ஓடுனேன்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, கேட்க எனக்கு வாயும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். காற்று. கடலோரத்தில் கைப்பேசியை மணலில் வைத்துப் பதிவு செய்தால் காற்றுதான் பதிவாகும் என்று எந்தக் கல்லூரிப் பெண்ணும் சொல்லியிருப்பாள். காற்றை மீறித் தெளிவாகக் கேட்ட குரல் ஒன்றே ஒன்று. ஆர்க்காட்டு நவாப் பரம்பரையை விளக்கிக்கொண்டிருந்த என் குரல். கிணறுகள் ஒன்றுகூடத் தேறவில்லை.

தர்காவில் பட்ட அவமானம் வேறு ரகம். கோவளம் கடற்கரையில் ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி தர்கா இருக்கிறது. நபித்தோழர் அவர். அவருடைய உடல் ஒரு பெட்டியில் கடலில் மிதந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது என்பது நம்பிக்கை. எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். நானும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்து, எக்ஸெலைத் திறந்தேன். அரபுக் கடலிலிருந்து வங்காள விரிகுடாவுக்கு ஒரு பெட்டி மிதந்து வர எத்தனை மாதம் ஆகும், இலங்கையை எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி பெரியவரிடம் போனேன். அவர் தாளை வாங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பி, பார்த்துவிட்டுக் கேட்டார்:

“வன்னித் தண்ணியா, தெண்டித் தண்ணியா? அத மொதல்ல சொல்லு.”

கரையோர நீரோட்டத்தைச் சொல்கிறார். சோழமண்டலக் கரையில் அது வருஷம் முழுக்க ஒரே பக்கம் ஓடுவதில்லை. பருவக்காற்றோடு திசை மாறும். எந்த நீரோட்டத்தில் எந்த மீன் படும், வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். என் தாளில் வேகத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. திசைக்குக் கட்டமே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்யும் வேலையே இந்த மாதிரித் தாள் போடுவதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பேய்க் கதையாவது கிடைக்கட்டும் என்று தேவாலயப் பக்கம் போனேன். கார்மேல் மாதா ஆலயம், 1808இல் ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வம்சாவளி வணிகர் கட்டியது. வெளியே நின்றுகொண்டிருந்த பையன் ஒருவன், டி மான்டியின் மனைவிக்குப் புத்தி பேதலித்தது, நகை, சாபம், இரவில் நடமாட்டம் என்று மளமளவென்று சொன்னான். எழுதி எழுதிக் கை வலித்தது. அன்றிரவே சுத்தமாகத் தட்டச்சு செய்து, எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு பத்தி படித்துவிட்டு, “அங்கிள், இது டிமான்டி காலனி படம்” என்றாள். 2015இல் வந்தது. தமிழ்நாட்டில் நான் ஒருத்தன்தான் பார்க்கவில்லை போல.

படத்துக்கு ஆதாரமான ஆழ்வார்பேட்டைத் தெரு அதே ஜான் டி மான்டியின் சொத்தாக இருந்தது. அவர் 1821இல் இறந்தார். சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். அவர் கல்லறை இருப்பது கோவளம் ஆலயத்தில்தான். ஆழ்வார்பேட்டையில் பிறந்த வதந்தி திரையரங்குக்குப் போய், அங்கிருந்து அவர் உடல் கிடக்கும் ஊருக்கே வந்து சேர்ந்து, ஒரு பையன் வாயிலாக என் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. நாட்டார் வழக்காறு படிப்பவர்களுக்கு இது நல்ல தீனி. எனக்கு இது தட்டச்சு வீண்.

திருவிடந்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் அம்மா சொல்லிவிடுவாள். கோவளத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் நித்யகல்யாணப் பெருமாள் கோயில். காலவ முனிவருக்கு 360 பெண்கள். பெருமாள் நாளுக்கொரு பெண்ணாகக் கல்யாணம் செய்து, கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் ஏந்திக்கொண்டார். கல்யாணமாகாதவர்கள் மாலை வாங்கிச் சாத்தி, திரும்பக் கொடுக்கும் மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாக வர வேண்டும். எங்கள் வீட்டு சாமி அலமாரிக்கு மேலே பாலிதீன் பையில் ஒரு மாலை இருக்கிறது. இப்போது அது மாலை என்று சொன்னால்தான் தெரியும். குப்பத்தில் மீன் விற்கும் அக்காவிடம் இந்தத் தலபுராணத்தைக் கேட்கப் போய், “நீ சுத்துனியா, கண்ணு?” என்ற கேள்வியில் பேட்டி என் பக்கம் திரும்பிவிட்டது. வயது, சம்பளம், சொந்த வீடா, கடன் எத்தனை என்று கறாராக விசாரித்தார். நான் அந்த ஊரில் எடுத்த பேட்டிகளில் முழுமையாக நடந்தது அது ஒன்றுதான். கேள்வி கேட்டது நான் இல்லை என்பது தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுரையை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஆஸ்டெண்ட்காரன் வந்தான், நவாப் வந்தார், நோயாளி வேஷத்தில் பிரெஞ்சுக்காரன் வந்தான், கிளைவ் வந்தார், டி மான்டி வந்தார், பெட்டி வந்தது, விடுதி வந்தது. 2010களின் தொடக்கத்தில் அலைச்சறுக்குப் பலகை வந்தது, 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் வந்தது. ஊர் வரலாறு என்ற பெயரில் நான் எழுதியிருந்தது வருகைப் பதிவேடு. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் அதில் ஒரே ஓர் இடத்தில்தான் தலைகாட்டினார்கள்: பிரெஞ்சுக் கப்பலைப் பார்க்கக் கரையிலிருந்து போன ஆட்கள். அவர்கள் கட்டுமரத்தில்தான் போயிருப்பார்கள். வேறு எதில் போவது? ஆனால் ஓர்ம் அவர்களைக் கப்பல்வரை அனுப்பிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார். நானும் அதையே செய்திருந்தேன். அவருக்காவது கிணற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அலைச்சறுக்கு விஷயத்தில் மட்டும் கதை கொஞ்சம் திரும்புகிறது. அதை அங்கே வளர்த்த மூர்த்தி மேகவன் கோவளத்து மீனவர். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து அவர்களிடம் கற்றுக்கொள்கிறார்கள். நானும் பலகையில் நிற்கப் பார்த்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மலர் வந்தது. இடநெருக்கடி காரணமாக என் கட்டுரை அரைப் பக்கமாகியிருந்தது. ஆஸ்டெண்ட் போயிற்று, கிணறு போயிற்று. பக்கத்துப் பக்கம் முழுக்கச் செயலாளர் அம்மாவின் கடம்பாத் தொக்கு. நியாயமாகச் சொன்னால் மலரில் உருப்படியான பக்கம் அதுதான்; செய்து பார்த்தேன், நன்றாக வந்தது. மூன்றாம் மாடி வாத்தியார் மட்டும் மின்தூக்கியில், “முழுசா இருந்தா குடுங்க, படிக்கிறேன்” என்றார். கொடுத்தேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கிணறு பற்றிய பத்திக்குப் பக்கத்தில், ‘இதை ஏன் விட்டுவிட்டீர்கள்? போய்க் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

கேட்கத்தான் வேண்டும். கடற்கரை ஊர்களின் கிணறுகளையும், மணல் ஏறிய இடங்களையும், எந்த மாசம் எந்தத் தண்ணி என்பதையும் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே வருகிறது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒவ்வொரு குப்பத்திலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். சிறுசேரி, நாவலூர், படூர்ப் பக்கம் இருக்கும் என் ஜாதி ஆட்களுக்கு, அதாவது சனிக்கிழமைக் கடல்காரர்களுக்கு, சில யோசனைகள். ஏலம் முடிந்த பிறகு போங்கள். மைக்குக்கு மேல் மாட்டும் பஞ்சுறை கடையில் மலிவாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கிளைவைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். மீனுக்குப் பை எடுத்துப் போங்கள். பேரம் பேசினால் பேச்சு தானாக வரும். கோட்டையைக் கட்டியது யார் என்று உங்களை யாராவது கேட்டால் நவாப் அன்வருத்தீன் என்று சொல்லுங்கள். டச்சுக்காரன் என்று நான் சொல்லிக் கேட்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.